கத்தி நுரையில், கூர்மை ஒலியில்: மாணவர் த்ரில்லருக்கான ப்ராப்பர்ட்டிகள் (வாசகர் கேள்வி–பதில்)

குறும்படத் தயாரிப்பு பற்றிய இப்பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாணவர்கள் எழுதியவை. குறைந்த செலவில் எடுக்கும் த்ரில்லர் படத்துக்குத் துப்பாக்கி, கத்தி, ரத்தம், பணக்கட்டு போன்ற ப்ராப்பர்ட்டிகளை, அதாவது காட்சியில் பயன்படும் பொருள்களை, எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் செய்துகொள்வது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பதினைந்து நிமிடத் த்ரில்லர் ஒன்றை எடுக்கவிருக்கிறோம். திரைக்கதையைப் படித்து ப்ராப்பர்ட்டிப் பட்டியல் போட்டபோது அது நான்கு பக்கங்களுக்கு நீண்டுவிட்டது. கையில் இருக்கும் பணமோ மிகக் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பட்டியல் நீளமாக இருப்பதில் தவறில்லை, அதில் உள்ள எல்லாப் பொருள்களும் ஒரே மதிப்போடு வரிசையாக நிற்பதுதான் சிக்கல். ஒவ்வொரு பொருளுக்கு எதிரேயும் மூன்று விவரங்களை எழுதுங்கள்: கேமரா அதை எவ்வளவு நெருங்குகிறது, நடிகர் அதைக் கையில் எடுக்கிறாரா, அது கதையை நகர்த்துகிறதா. க்ளோஸ்-அப்பில் வந்து, நடிகரின் கையில் புழங்கி, கதையின் முடிச்சையும் சுமக்கிற பொருள்கள் ஒரு குறும்படத்தில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் அவற்றுக்கே போகட்டும். கையில் எடுக்கப்பட்டாலும் நெருக்கத்தில் காட்டப்படாத பொருள்களுக்கு எடை சரியாக இருந்தால் போதும். பின்னணியில் நிற்பவற்றுக்கு வடிவமும் நிறமும் போதும். அவற்றை இரவல் வாங்குங்கள், அல்லது படப்பிடிப்பு நடக்கும் வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றையே இடம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவினை செய்வதற்கு முன் ஷாட் பிரிப்பு (காட்சியைத் தனித்தனி ஷாட்டுகளாகத் திட்டமிடுவது) முடிந்திருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். எந்த ஷாட்டில் எந்தப் பக்கம் தெரியும் என்பது தெரியாமல் வேலையைத் தொடங்குகிறவர், படத்தில் கைப்பிடி மட்டுமே வரப்போகிற பெட்டியின் அடிப்பாகத்துக்கும் வண்ணம் பூசிக்கொண்டிருப்பார். பண விரயத்தைவிட இதில் நேர விரயமே அதிகம். செய்து முடித்த ஒவ்வொரு பொருளையும், அந்த ஷாட்டுக்குரிய தூரத்தில் வைத்து, அந்த ஷாட்டுக்குரிய வெளிச்சத்தில் செல்பேசியிலாவது ஒரு முறை படம்பிடித்துப் பார்த்துவிடுங்கள். கண்ணுக்கு அசலாகத் தெரிவது கேமராவில் பொம்மையாகத் தெரிவதும், மேசை மேல் அசிங்கமாகக் கிடப்பது திரையில் அசலாக நிற்பதும் அன்றாடம் நடப்பவை.

முடிச்சைச் சுமக்கிற பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னும் கொஞ்சம் யோசனை தேவை. பார்வையாளர் அதை முதலில் சாதாரணமாகப் பார்த்துக் கடந்து போக வேண்டும்; பிறகு வேறோர் இடத்தில் அரை நொடி காட்டினாலும் "அதே பொருள்" என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். சாவி என்று மட்டும் திரைக்கதையில் எழுதியிருந்தால், எல்லாச் சாவிகளும் ஒன்று போலவே இருக்கும் என்பதால் பார்வையாளர் குழம்பிப் போவார். தலை உடைந்து, கறுப்பு டேப் சுற்றப்பட்ட சாவி என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் விரிசல் விட்ட மூக்குக்கண்ணாடி, லேபிள் பாதி கிழிந்த மருந்துப் புட்டி, பட்டை மாற்றித் தைக்கப்பட்ட கைக்கடிகாரம் ஆகியவையும் இப்படிப்பட்டவையே. இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கதைக்குச் செய்யும் வேலை அதிகம்.

எல்லோரும் துரத்துகிற பொருள் இன்னதென்று காட்டியே தீர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரபலப்படுத்திய "மெக்கஃபின்" என்ற கருத்தே இதுதான்: பாத்திரங்களுக்கு அது உயிரை விட முக்கியமானது, பார்வையாளருக்கு அது என்ன என்பது பெரிய விஷயமே அல்ல. பூட்டிய பெட்டியைத் திறக்காமலேயே படத்தை முடிக்க முடியுமானால், பெட்டிக்குள் வைக்க வேண்டிய பொருளின் செலவு முழுவதும் மிச்சம். பெட்டியை மட்டும் காலியாகக் கொடுத்துவிடாதீர்கள். கனமாக இருப்பது போல நடிப்பது தேர்ந்த நடிகருக்கும் கடினம். பழைய புத்தகங்களை உள்ளே அடுக்கிவிட்டால் அவருடைய தோளே நடிக்கத் தொடங்கிவிடும். காபிக் கோப்பைக்கும் இது பொருந்தும். காலிக் கோப்பையைக் காற்றில் வீசி வீசிப் பேசும் கதாபாத்திரத்தைப் பார்த்தவுடன் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

கேள்வி: எங்கள் படத்தில் துப்பாக்கி சுடும் காட்சி ஒன்று இருக்கிறது. நண்பர் ஒருவர், அசல் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டால் காட்சி உயிரோட்டமாக இருக்கும், வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லாததால் ஆபத்தும் இல்லை என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல. உங்கள் படப்பிடிப்பில் அசல் துப்பாக்கியும் இருக்கக்கூடாது, வெற்றுத் தோட்டாவும் இருக்கக்கூடாது.

வெற்றுத் தோட்டாவில் உலோகக் குண்டு இல்லை என்பது உண்மைதான். ஆனால் வெடிமருந்து இருக்கிறது, அதை அடைத்து வைக்கும் அடைப்பு இருக்கிறது, வெடிக்கும்போது குழலிலிருந்து சூடான வாயு பெரும் விசையோடு வெளியேறுகிறது. 1984-ல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் படப்பிடிப்பில் காத்திருந்தபோது, வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். அந்த விசையில் மண்டையோடு உடைந்து, சில நாள்களில் உயிரிழந்தார். 1993-ல் நடிகர் பிராண்டன் லீ இறந்த விபத்து இன்னும் நுணுக்கமானது. க்ளோஸ்-அப்புக்காக, மருந்து நீக்கப்பட்டும் அடியிலுள்ள பற்றவைப்பான் நீக்கப்படாத போலித் தோட்டாக்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பற்றவைப்பான் வெடித்து, குண்டு குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு அசல் தோட்டாவின் வேகத்தில் வெளியே வந்தது. 2021 அக்டோபரில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்த படப்பிடிப்பில், "தோட்டா இல்லை" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிக்குள் அசல் தோட்டாவே இருந்தது. இவை மூன்றும், ஆயுதங்களைக் கவனித்துக்கொள்ள ஆள் வைத்து நடத்தப்பட்ட தொழில்முறைப் படப்பிடிப்புகளில் நடந்தவை. மாணவர் குழுவில் அப்படியொரு ஆளும் இருக்கப்போவதில்லை.

உங்களுக்குத் தேவை, சுட முடியாத ஒரு டம்மி. ரப்பர் வார்ப்பு கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால் மரத்தில் செதுக்கலாம், அல்லது முப்பரிமாண அச்சில் எடுத்து, அடுக்குக் கோடுகள் மறையும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துக் கறுப்பு பூசலாம். வண்ணம் காய்ந்த பிறகு பென்சில் கரித்தூளை விரலால் தொட்டு விளிம்புகளிலும், கை அடிக்கடி படும் இடங்களிலும் தேய்த்துவிடுங்கள். கறுப்பின் மேல் கரித்தூள் ஏறும்போது உருக்கின் மங்கிய பளபளப்பு வருகிறது. பிளாஸ்டிக்கைக் காட்டிக்கொடுப்பது அதன் ஒரே சீரான நிறம்தான். தேய்மானம் வந்துவிட்டால் கண் ஏமாந்துவிடும். சுடும் கணத்தின் ஒளித்தெறிப்பை எடிட்டிங்கில் ஓரிரு ஃப்ரேம்களுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஃப்ரேம்களில் நடிகரின் முகத்திலும் அருகிலுள்ள சுவரிலும் வெளிச்சம் விழ வேண்டும் என்பதால், படமெடுக்கும்போதே ஒருவர் சிறிய விளக்கொன்றைச் சட்டென்று மின்னச் செய்தால் ஒட்டவைத்தது தெரியாது. பின்னுதைப்பை நடிகர் தோளில் காட்டிவிடுவார். வெடியோசை ஒலிக்கலவையில் சேரும்.

டம்மிதானே என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். எட்ட நின்று பார்க்கிறவருக்கும் காவலருக்கும் அது அசல் துப்பாக்கிதான். பூட்டிய பெட்டியில் கொண்டுவந்து, ஷாட்டுக்கு மட்டும் வெளியே எடுத்து, ஷாட் முடிந்ததும் பெட்டிக்குள் வையுங்கள். வெளியிடத்தில் எடுப்பதானால் காவல் நிலையத்துக்கு எழுத்துப்பூர்வமாக முன்கூட்டியே தெரிவித்து, தேவையான அனுமதியைப் பெற்று, அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிவிடுங்கள். அசலைப் போன்ற பொம்மைத் துப்பாக்கியை வைத்திருப்பதற்கே கட்டுப்பாடு உள்ள நாடுகள் உண்டு. உங்கள் நாட்டு விதியைப் பார்க்காமல் எதையும் வாங்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம்.

கேள்வி: கத்திக் காட்சிக்கு, குத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும் வகைக் கத்தி ஒன்றை வாங்கலாமா? அல்லது அசல் கத்தியை மழுக்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே போகும் கத்தியின் ஸ்பிரிங் என்றைக்கு மக்கர் செய்யும் என்று சொல்ல முடியாது. அது சிக்கிக்கொண்ட டேக்கில் (ஒரே ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக்) நடிகரின் விலா எலும்புதான் அதைக் கண்டுபிடிக்கும். மழுக்கிய உலோகக் கத்தி வெட்டாது என்றாலும், அதன் முனை குத்தும்.

கத்தியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேசை மேல் கிடக்கும்போதோ உறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போதோ மட்டும் அசல் கத்தியைக் காட்டுங்கள். அந்த ஷாட்டில் நடிகர் யாரும் அருகில் இருக்க வேண்டாம். நடிகரின் கைக்குப் போவது, மிருதுவான நுரை ரப்பர் தகட்டில் செய்த நகல். ஐந்து மில்லிமீட்டர் தகட்டில் அசல் கத்தியின் அச்சை வரைந்து வெட்டி, விளிம்பை இரு பக்கமும் சாய்வாகச் சீவி, தலைமுடி உலர்த்தியின் சூட்டில் காட்டினால் மேற்பரப்பின் துளைகள் சற்று அடைபடும். அதன் மேல் நீர் கலந்த வெள்ளைப் பசையை இரண்டு மூன்று முறை மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு, பிறகு கறுப்பு வண்ணம், அதன் மேல் வெள்ளி வண்ணம் என்று போங்கள். வெட்டும் விளிம்பை மட்டும் மற்ற இடத்தைவிடச் சற்று வெளிர்நிறமாக விட்டால், சாணை பிடித்தது போலத் தோன்றும். முனையைக் கூராக்காமல் உருண்டையாகவே விடுங்கள். அசைவில் அது தெரியாது.

பார்வையாளர் கூர்மையை உணர்வது பெரும்பாலும் காதால்தான். உறையிலிருந்து உருவும் ஒலி, கல்லில் உரசும் ஒலி, மேசையில் வைக்கும்போது எழும் சிறு உலோக ஒலி ஆகியவற்றை அசல் கத்தியைக் கொண்டு தனியாகப் பதிவு செய்து சேர்த்துவிட்டால், நுரைத் தகட்டுக்கும் முனை முளைத்துவிடும். மருந்தூசிக்கும் இதே முறைதான்: நடிகரின் உடலருகே ஊசி இல்லாத குழாய் மட்டும் போகட்டும், தோலைத் துளைப்பதாகக் காட்டும் கணத்தில் நடிகரின் முகத்துக்கு வெட்டிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் செய்த ரத்தம் கேமராவில் தக்காளிச் சாறு போலத் தெரிகிறது. எதைக் கலந்தால் சரியாகும்?

பதில்: உங்கள் கலவையில் சிவப்பு மட்டும் இருக்கிறது, அடர்த்தியும் இருளும் இல்லை. ஒரு கோப்பை சோளச் சிரப்புக்குக் கால் கோப்பைத் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி உணவுச் சிவப்பு, ஒரு தேக்கரண்டி கோகோ தூள், ஒன்றிரண்டு சொட்டு நீல உணவுநிறம் என்பது நம்பிக்கையான தொடக்க அளவு. கோகோவை நேரடியாகச் சிரப்பில் கொட்டினால் கட்டி தட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் குழைத்துக்கொண்டு சேருங்கள். கோகோ இல்லாத கலவை ஒளி ஊடுருவும் பாகாகத் தெரியும். கோகோதான் அதற்கு ஒளிபுகாத் தன்மையைத் தருகிறது. கலந்த பிறகு ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் கருஞ்சிவப்பாகவும், மெல்லியதாகப் பரவிய ஓரத்தில் தெளிந்த சிவப்பாகவும் இருந்தால் சரி. ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தால் நிறம் போதவில்லை. ஊதாவாக இருந்தால் நீலம் கூடிவிட்டது.

கடைசித் தீர்ப்பைக் கேமராவிடம் விட்டுவிடுங்கள். மஞ்சள் விளக்கில் ரத்தம் ஆரஞ்சு நோக்கிச் சாயும். நீல இரவு வெளிச்சத்தில் ஏறக்குறையக் கறுப்பாகும். ஆகவே இரவுக் காட்சிக்கு வெளிர்ந்த கலவையும் பகல் காட்சிக்கு இருண்ட கலவையும் வேண்டியிருக்கலாம். கதையில் எவ்வளவு நேரம் கழிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். உலர்ந்த ரத்தம் பழுப்பாகிவிடும். மறுநாள் காலையில் கண்டெடுக்கப்படும் சட்டையில் பளிச்சென்ற சிவப்பு இருந்தால், துப்பறிவாளரைவிடப் பார்வையாளர் முன்பே சந்தேகப்படுவார். அந்தச் சட்டைக்குப் பழுப்பு வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்து, கறையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாகத் தொட்டுக் காயவையுங்கள்.

வாயில் வைக்கும் ரத்தத்தில் உண்ணத்தக்கவற்றைத் தவிர வேறெதுவும் சேரக்கூடாது. பழைய தொழில்முறைச் செய்முறைகள் சிலவற்றில், ரத்தம் துணியில் நன்றாக ஊறுவதற்காகப் புகைப்படம் கழுவும் திரவம் சேர்க்கப்பட்டது, அது நஞ்சு. அத்தகைய செய்முறை எங்காவது கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். உடையில் மட்டும் படும் கலவைக்குச் சில சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் சேர்த்தால் துவைக்கும்போது கறை எளிதாகப் போகும். அந்தப் புட்டியில் "வாயில் வைக்காதே" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். உணவுநிறம் தோலில் ஓரிரு நாள் தங்கும் என்பதால் நடிகரிடம் முன்பே சொல்லி, கையின் உட்பக்கத்தில் சிறிது தடவிச் சோதித்துக்கொள்வதும் நல்லது. ரத்தம் படும் உடை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், அந்த ஷாட்டை அந்த உடையின் கடைசி ஷாட்டாக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: வெட்டுண்ட கை ஒன்று வேண்டும். நடிகரின் கையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலவைக்குள் வைத்து அச்சு எடுக்கலாம் என்று நினைக்கிறோம். இது எளிதுதானே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பிளாஸ்டர் இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். கனமான திரளாக இருந்தால் அறுபது பாகை செல்சியஸையும் தாண்டிச் சுடும். அந்த நேரத்தில் அது கல்லாகவும் ஆகிவிடுவதால் கையை வெளியே எடுக்க முடியாது. 2007-ல் இங்கிலாந்தில் பதினாறு வயது மாணவி ஒருவர், பள்ளியின் கலை வகுப்பில் தன் கைகளைப் பிளாஸ்டருக்குள் வைத்து அச்சு எடுக்க முயன்று, கடுமையான தீக்காயத்தால் பெரும்பாலான விரல்களை இழந்தார்.

தோலின் மேல் அச்சு எடுப்பதற்கென்றே ஆல்ஜினேட் என்ற பொருள் இருக்கிறது. பல் மருத்துவத்தில் வாயின் அச்சை எடுக்கப் பயன்படுவது அதுவே. சூடாகாது, சில நிமிடங்களில் இறுகி, ரப்பர் போல வளைந்து கையை விட்டுவிடும். கையை வெளியே எடுத்த பிறகு, அந்தக் காலி அச்சுக்குள் பிளாஸ்டரை ஊற்றிக்கொள்ளலாம். அப்போது உள்ளே யாருடைய கையும் இல்லை. ஆல்ஜினேட் அச்சு உலர்ந்து சுருங்கிவிடும் என்பதால் அதே நாளில் ஊற்றிவிட வேண்டும்.

ஆனால் இவ்வளவும் தேவையா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். மேசையில் துளையிட்டோ, இலைக் குவியலுக்குள் உடலை மறைத்தோ, உயிருள்ள நடிகரின் கையை மட்டும் வெளியே தெரியவிட்டால் அதை மிஞ்சும் வார்ப்பு எதுவும் இல்லை. நகங்களுக்கடியில் சற்று மண், விரல் நுனியில் சாம்பல் கலந்த நீல ஒப்பனை, மூன்று நொடி ஷாட் ஆகியவை போதும். பிணத்துக்கும் இப்படித்தான். போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் ஒரு பாதம் முழு உடலைவிட அதிகமாக அச்சுறுத்தும்.

கேள்வி: பெட்டி நிறையப் பணக்கட்டுகள் காட்ட வேண்டும். நோட்டை வண்ண நகல் எடுத்து அடுக்கினால் தவறாகுமா?

பதில்: ஆகும். நோட்டை நகலெடுப்பது பெரும்பாலான நாடுகளில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட செயல். "படத்துக்காகத்தான்" என்பது அதற்கு விலக்கு ஆகாது. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம், நோட்டின் படத்தை ஒரு பக்கம் மட்டுமே அச்சிட வேண்டும், நீள அகலத்தில் முக்கால் பங்குக்குக் குறைவாகவோ ஒன்றரை மடங்குக்கு அதிகமாகவோ இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிக்கிறது. மற்ற நாடுகளின் விதிகள் வேறுபடும். உங்கள் நகல் இயந்திரமே மறுத்துவிடவும் கூடும்: பல நாட்டு நோட்டுகளில் அச்சிடப்பட்டுள்ள சிறு வட்டங்களின் அமைப்பை இனங்கண்டுகொண்டு வேலையை நிறுத்திவிடும் இயந்திரங்கள் உண்டு.

இதற்குச் சட்டச் சிக்கலே இல்லாத பழைய வழி ஒன்று இருக்கிறது. நோட்டின் அளவுக்கு வெட்டிய வெறுந்தாள்களை அடுக்கி, மேலே மட்டும் ஓர் அசல் நோட்டை வைத்துப் பட்டை போடுங்கள். வெள்ளைத் தாள் ஓரத்தில் பளிச்சிடும் என்பதால், தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்த தாளையோ, இயல்பாகவே மங்கலான செய்தித்தாள் ரகத் தாளையோ பயன்படுத்துங்கள். பெட்டியின் மேலடுக்குக்கு மட்டும் இத்தகைய கட்டுகள் போதும். அடியில் அட்டைப் பெட்டி வைத்து உயர்த்திவிடலாம். அதற்கும் பணம் போதாதென்றால் பெட்டியை முழுமையாகத் திறக்காமல், திறப்பவரின் முகத்தைக் காட்டுங்கள். அடுத்த ஷாட்டில் ஒரே ஒரு கட்டைப் புரட்டும் விரல் வரட்டும். எடுத்து முடித்தவுடன் அசல் நோட்டுகளை எண்ணித் திரும்ப வாங்க ஒருவரை நியமியுங்கள். அவர் தயாரிப்பாளராக இருந்தால் எண்ணிக்கை தப்பாது.

கேள்வி: மிரட்டல் குறுஞ்செய்தி வரும் க்ளோஸ்-அப்பில் செல்பேசித் திரை வெள்ளையாக வெடித்துத் தெரிகிறது, சில நேரம் பட்டை பட்டையாக ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நிஜமான செய்தியைக் காத்திருந்து படம்பிடிக்காதீர்கள். செய்தித் திரையை ஒரு படமாகவோ சிறு காணொளியாகவோ வடிவமைத்து, செல்பேசியில் முழுத்திரையாக ஓடவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அப்போதுதான் அழுகிற காட்சியின் நடுவே வேறொருவரின் வாழ்த்துச் செய்தி வந்து குதிக்காது. அந்தப் படத்தின் பின்புலத்தை வெள்ளையாக வைக்காமல் நடுத்தரச் சாம்பலாக வையுங்கள். கேமராவில் அதுவே இயல்பான வெள்ளையாகத் தெரியும். எழுத்தை வழக்கமான அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வைத்து, செய்தியை எட்டுச் சொற்களுக்குள் முடியுங்கள்.

பட்டை ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பல திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக மிக வேகமாக அணைந்து எரிவதுதான். திரையின் வெளிச்சத்தை முழுமையாக ஏற்றிவிட்டு, படத்தின் நிறத்தை இருட்டாக்கிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அறை விளக்குகள் மின்னுவதாக இருந்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள்: மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாட்டில் 1/50 அல்லது 1/100 நொடி, 60 ஹெர்ட்ஸாக உள்ள நாட்டில் 1/60 அல்லது 1/120 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் தொலைபேசி எண் யாருடைய சொந்த எண்ணாகவும் இருந்துவிடக் கூடாது. சில நாடுகளில் கற்பனைப் படைப்புகளுக்கென்றே எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இல்லையேல் குழுவில் ஒருவரின் எண்ணை அவர் சம்மதத்தோடு போடுங்கள், அல்லது எண்ணுக்குப் பதில் பெயரைக் காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரையில் செய்த பாட்டிலைத் தலையில் உடைப்பது பாதுகாப்பானதா?

பதில்: அசல் பாட்டிலோடு ஒப்பிட்டால் பாதுகாப்பானது, முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சர்க்கரைக் கண்ணாடியின் சில்லும் கீறும், கண்ணில் தெறிக்கும். சர்க்கரை, சோளச் சிரப், தண்ணீர் மூன்றையும் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி அச்சில் ஊற்ற வேண்டும். அந்தச் சூட்டில் பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். ஈரக் காற்றில் அது விரைவில் பிசுபிசுத்துப் போகும் என்பதால் செய்த நாளிலேயே எடுத்துவிட வேண்டும். தட்டையான சன்னல் கண்ணாடிக்கு முயன்று பார்க்கலாம். பாட்டில் வார்ப்பது முதல் படம் எடுப்பவர்களுக்கு வேண்டாத வேலை. பாட்டிலை ஓங்கும் கை, உடையும் ஒலி, தரையில் சிதறிக் கிடக்கும் தெளிந்த பிளாஸ்டிக் துண்டுகள் என்று மூன்று ஷாட்டாகப் பிரித்துவிட்டால் அடிபடும் ஷாட்டே தேவைப்படாது.

கேள்வி: ரயில் நிலையம் ஒன்றில், டைமர் பொருத்திய வெடிகுண்டுப் பையை நாயகன் கண்டுபிடிக்கும் காட்சியை மறைகேமராவில் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். பை எப்படி இருக்க வேண்டும்?

பதில்: அங்கே அந்தப் பையே இருக்கக்கூடாது. அனுமதியில்லாமல் பொது இடத்தில் வெடிகுண்டு போன்ற ஒன்றை வைத்தால் நிலையம் காலி செய்யப்படும், மக்கள் நெரிசலில் அடிபடக்கூடும், நீங்கள் கைது செய்யப்படலாம். நிலையத்தில் உரிய அனுமதியோடு நாயகன் நடப்பதை மட்டும் எடுங்கள். பையைத் திறக்கும் க்ளோஸ்-அப்பைச் சுவர் மட்டுமே தெரியும் ஓர் அறைக்குள் எடுத்து இணைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் கம்பிகளையும் எண்களையும் காட்ட வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடலாம்: முகத்தில் படரும் சிவப்பு ஒளியும், சீராக ஒலிக்கும் சிறு "டிக்" ஓசையும் போதும்.

கேள்வி: ஒரு காட்சியில் நாயகி கடிதத்தைக் கிழிக்கிறாள். எத்தனை பிரதிகள் வேண்டும்? கன்டினியூட்டியை, அதாவது ஷாட்டுக்கு ஷாட் பொருள்கள் மாறாமல் இருப்பதை, யார் பார்த்துக்கொள்வது?

பதில்: கிழிவது, எரிவது, உடைவது, நனைவது எதுவாக இருந்தாலும் நீங்கள் எடுக்க நினைக்கும் டேக்குகளின் எண்ணிக்கையோடு ஒத்திகைக்கு ஒன்றும், விபத்துக்கு இரண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தை ஒருவர் கையால் எழுதினால், எல்லாப் பிரதிகளையும் அவரே, அதே பேனாவால், ஒரே அமர்வில் எழுத வேண்டும். வரி முறியும் இடம்கூட மாறக்கூடாது. மடிப்புகளும் எல்லாப் பிரதிகளிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். கிழிந்த துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். பிறகு யாரோ பொறுக்கிச் சேர்க்கும் ஷாட் ஒன்றை இயக்குநர் நினைத்துக்கொள்வார்.

பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை வேண்டாம். ஒரு மேசையில் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளின் வெளிவரைவையும் வரைந்து, பெயரையும் காட்சி எண்ணையும் எழுதி, அதனதன் இடத்தில் வைத்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்பதை வெற்றிடமே சொல்லிவிடும். ஒவ்வொரு ஷாட்டின் முடிவிலும், நடிகர் அசைவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும்: குவளையில் எவ்வளவு தண்ணீர், மெழுகுவத்தி எவ்வளவு உயரம், கடிகாரத்தில் மணி என்ன, ரத்தம் எந்தக் கையில். இவற்றில் அடிக்கடி சறுக்குவது கடிகாரம்தான். கதைக்கு மணி முக்கியமில்லை என்றால் பேட்டரியை எடுத்துவிட்டு முள்ளை நிறுத்திவைப்பதே உத்தமம்; நொடிமுள் அசையாமல் இருப்பது அகலமான ஷாட்டில் யாருக்கும் தெரியாது.

கேள்வி: தாள் பையிலிருந்து பொருளை எடுக்கும்போது வரும் சலசலப்பில் வசனமே கேட்கவில்லை. பையை மாற்ற முடியாது, கதைக்கு அது வேண்டும்.

பதில்: பையின் மேல் தண்ணீரைப் பனித்தூறலாகத் தெளித்து, கையால் பிசைந்து மென்மையாக்கிக்கொள்ளுங்கள், ஈரம் இருக்கும்வரை சலசலக்காது. தோற்றம் சற்றுக் கசங்கும், அது பெரும்பாலும் நல்லதே. கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி கிணுகிணுத்தால் அதற்குப் பதில் மிருதுவான சிலிகான் கட்டிகளைப் போடலாம். கோப்பையின் அடியில் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு மேசையில் வைக்கும் ஓசையை விழுங்கிவிடும். இந்த ஓசைகளையெல்லாம் வசனம் இல்லாமல் தனியே ஒரு முறை பதிவு செய்துகொள்ள மறக்காதீர்கள்; எடிட்டர் கேட்பார்.